உங்கள் வாடகைக்குள் இருக்கும் தேர்தல்கள்

தங்கச்சி, வவுனியாவிலிருந்து கனடாவுக்கு வந்து ஏழு மாதம், கணவரும் பிள்ளையுமாக ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் அடுத்த மாதத்திலிருந்து 300 டொலர் கூட்டித் தரச் சொல்கிறார். வேலைத்தலத்தில் ஒருவர் "வாடகை எல்லாம் மாகாண அரசாங்கத்தின் விஷயம்" என்றாராம். "மாகாண சபையால் என்ன செய்ய முடியும் அண்ணா? எங்களுக்கு வாக்கும் இல்லை. எங்கட ஆட்களின் கட்சி இங்கே எது?" என்பது உங்கள் கேள்வி.

"மாகாண சபையால் என்ன செய்ய முடியும்" என்ற அந்த ஒரு வரியை வாசித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். ஊரிலிருந்து வருகிற யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். இலங்கையில் மாகாண சபைகளுக்கு வழிவிட்ட 13-ஆம் திருத்தம் வந்தது 1987-இல். வடக்கு மாகாண சபைக்குத் தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். சனம் வெயிலில் வரிசையில் நின்று 38 இடங்களில் 30-ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தது. காணி அதிகாரமும் காவல்துறை அதிகாரமும் கைக்கு வரவே இல்லை. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே வைக்கவில்லை. அந்த அனுபவத்தோடு வந்தவருக்கு மாகாணம் என்ற சொல்லே வெறும் பெயர்ப்பலகையாகத்தான் தெரியும்.

இங்கே அப்படி இல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், வேலைச் சட்டம், வாடகைச் சட்டம், நகரசபைகள் எல்லாம் 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மாகாணத்தின் கையில். ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு நினைத்தாலும் அதைப் பிடுங்க முடியாது. உங்கள் மகளின் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், உங்கள் கணவருக்கு மணிக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ரொறன்ரோ நடுவில் குயீன்ஸ் பார்க் என்ற சிவப்புக் கல் சட்டமன்றக் கட்டடத்தில் முடிவாகிற விஷயங்கள். மத்திய அரசின் வேலைத்தலங்கள் வேறு. ஆனால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் மாகாணச் சட்டத்துக்குள்தான் வருவார்கள்.

வாடகையை வைத்தே கட்சிகளின் கதையைச் சொல்கிறேன். நான் அதை அப்படித்தான் படித்தேன்.

1943 முதல் 1985 வரை 42 ஆண்டுகள் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவை ஒரே கட்சி ஆண்டது. புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ், சுருக்கமாகப் பி.சி. ட்ரூ, புரொஸ்ட், ரொபார்ட்ஸ், டேவிஸ் என்று முதல்வர்கள் மாறினார்கள், கட்சி மாறவில்லை. பழமைவாதிகள் என்றதும் இன்றைய கணக்கில் பார்க்காதீர்கள். பில் டேவிஸ் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் சமூகக் கல்லூரிகள் உருவாயின. உங்கள் கணவர் இரவு வகுப்புக்குப் போகிற சென்டெனியல் கல்லூரிதான் 1966-இல் திறந்த முதலாவது. வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததும் இதே டேவிஸ்தான், 1975-இல். அந்த வருடத் தேர்தலில் அவருக்குப் பெரும்பான்மை போய்விட்டது. மொத்தம் 125 இடங்களில் பி.சி. 51, இடதுசாரிப் பக்கம் சாயும் புதிய ஜனநாயகக் கட்சியான என்.டி.பி. 38, லிபரல் 36. வாடகையைப் பிரதான பிரச்சினையாக்கித் தேர்தலில் நின்றது என்.டி.பி. தனியாக ஆள முடியாத டேவிஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். எனக்கு இந்த மாகாணத்தின் அரசியலில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்: வாடகைக்கு இருப்பவர்களுக்கு நல்லது நடந்த காலங்களில் பல, யாருக்கும் பெரும்பான்மை இல்லாத காலங்கள்.

1985-இலும் அதுதான் நடந்தது. பி.சி. 52, லிபரல் 48, என்.டி.பி. 25. இரண்டாவதாக வந்த லிபரல் என்.டி.பி.யோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்து ஆட்சிக்கு வந்தது, டேவிட் பீற்றர்சன் முதல்வரானார். 1975-க்குப் பின் கட்டிய வீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு விரிந்தது அடுத்த வருடம். வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் எங்கள் ஸ்காபுறோ உறுப்பினர், ஜமேக்காவில் பிறந்த அல்வின் கேர்லிங். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்பவும் வருவார்.

1990-இல் என்.டி.பி. வென்றது, யாரும் எதிர்பார்க்கவில்லை. அதன் தலைவர் பொப் ரேக்கு 130-இல் 74 இடங்கள், ஆனால் விழுந்த வாக்கில் 38 சதவீதம்கூட இல்லை. இங்கே தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவர் வென்றார், அவ்வளவுதான். ஊரில் உள்ள விருப்பு வாக்கும் இல்லை, விகிதாசாரமும் இல்லை. 2007-இல் அதை மாற்றலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

நான் வந்தது ரேயின் காலத்தில், 1992 மார்கழி. ஒரு பேஸ்மென்ட்டில் ஐந்து பேர். ஒரே ஒரு சின்ன ஜன்னல், பனி விழுந்தால் அதுவும் மூடிவிடும், பகலா இரவா என்று மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். தை மாதத்தில் ஹீட்டர் நின்றது. மூன்று இரவு ஜக்கெட்டோடு படுத்தோம். வீட்டுக்காரரிடம் சொன்னால், "சிட்டிக்குப் போன் அடியுங்கோ, அவங்கள் வந்து பேஸ்மென்ட்டையே மூடுவாங்கள்" என்றார். உண்மைதான். பல நகரசபைகள் பேஸ்மென்ட் வாடகையை அனுமதிக்கவில்லை. முறைப்பாடு செய்தால் இருக்கிற இடமும் போகும். 1994-இல் ரே அரசாங்கம் அந்தத் தடையை நீக்கி, வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பு வைப்பதைச் சட்டபூர்வமாக்கியது. அது எனக்குப் பத்திரிகையில் வாசித்த செய்தி இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து கதைத்தேன்.

அதே ரே காலத்தில் கடன் ஏறியது, அரசு ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வைத்தார்கள், தொழிற்சங்கங்களே கைவிட்டன. 1995-இல் மைக் ஹாரிஸ் தலைமையில் பி.சி. 82 இடங்களோடு திரும்பி வந்தது. இது டேவிஸின் பி.சி. இல்லை. சமூகநல உதவியை 21.6 சதவீதம் வெட்டினார்கள். பேஸ்மென்ட் சட்டத்தைத் திருப்பினார்கள். குடியிருப்பவர் மாறினால் வாடகையை இஷ்டம்போல் வைக்கலாம் என்ற சட்டம் 1998-இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்ச ஊதியம் 1995 தையிலிருந்து 2004 வரை 6.85 டொலரிலேயே நின்றது. என்னுடைய சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். 6.85, 6.85 என்று வருடக்கணக்காக ஒரே எண். அந்த வருடங்களில் வாடகை நிற்கவில்லை.

ஹாரிஸின் பெரிய வெட்டுச் சட்டமொன்றை 1995 மார்கழியில் பொது விசாரணை இல்லாமல் நிறைவேற்றப் பார்த்தபோதுதான் கேர்லிங் திரும்ப வருகிறார். வாக்கெடுப்பில் எழுந்து நிற்க மறுத்தார். வெளியேறச் சொன்னார்கள், ஆசனத்தை விட்டு அசையவில்லை. எதிர்க்கட்சியினர் சுற்றிவர நின்று அவரை இழுத்துப் போக விடாமல் தடுத்தார்கள். இரவு முழுக்க, கிட்டத்தட்ட 18 மணிநேரம். கடைசியில் பொது விசாரணை வைக்க அரசாங்கம் இணங்கியது. எங்கள் தொகுதிக்காரர் ஒரு கதிரையில் இருந்தே அதைச் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

எனக்குக் குடியுரிமை கிடைத்து முதன்முதல் புள்ளடி போட்டது 1999-இல், ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். வாசலில் சோதனை இல்லை, துவக்கு இல்லை, விரலில் மையும் பூசவில்லை. சீட்டில் ஊர்க் கட்சிச் சின்னங்களான வீடும் இல்லை, யானையும் இல்லை. கட்டைப் பென்சிலால் போட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். அந்த முறையும் ஹாரிஸ்தான் வென்றார், ஆனால் எங்கள் தொகுதியில் கேர்லிங்.

2003-இலிருந்து 15 ஆண்டுகள் லிபரல்: மெகின்ரி, பிறகு முதல் பெண் முதல்வர் கத்லீன் வின். வருடாந்தர வாடகை உயர்வு 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2012-இல் வந்தது, அப்போதும் சிறுபான்மை அரசாங்கம்தான். 1991-க்குப் பின் கட்டியவற்றுக்கு வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து ஹாரிஸ் காலத்தில் இருந்த விலக்கை வின் 2017-இல் எடுத்தார். அடுத்த வருடம் பி.சி.யின் டக் போர்ட் வந்தார். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதல்முறை ஆட்கள் குடியேறிய இடங்களுக்கு அந்த வரம்பு இல்லை என்றாக்கினார். அதே போர்ட் அரசாங்கம் 2022-இல் ஒரு காணியில் மூன்று குடியிருப்புகள்வரை அனுமதித்தது. 2018, 2022, 2025 என மூன்று தேர்தலிலும் அவருக்குத்தான் பெரும்பான்மை.

எங்கட ஆட்களின் கட்சி எது என்றால், அப்படி ஒன்று இல்லை, இருக்கவும் தேவையில்லை. 2016 இடைத்தேர்தலில் ஸ்காபுறோ-ரூஜ் றிவரில் லிபரலும் என்.டி.பி.யும் தமிழரை நிறுத்தின. வென்றவர் கொரியாவில் பிறந்த பி.சி. வேட்பாளர் ரேமண்ட் சோ. 2018-இல் குயீன்ஸ் பார்க்குக்குப் போன முதல் தமிழர்கள் இருவரும், லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும், பி.சி.காரர். தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டம் 2021-இல் நிறைவேறியதற்குத் தணிகாசலம் முன்னின்றார், அதை மறக்க மாட்டேன். ஆனால் அதற்காக வாடகைக் கணக்கைக் கேட்காமல் விடவும் மாட்டேன். பெயர்ப் பலகையைப் பார்க்காமல், யார் எந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மாகாண லிபரலும் மத்திய லிபரலும் வேறு வேறு அமைப்புகள் என்பதையும் மறக்காதீர்கள்.

வாக்கு உங்களுக்குக் குடியுரிமைக்குப் பிறகுதான், நகரசபைக்கும் அப்படியே. ஆனால் நிரந்தர வதிவிடத்தோடு கட்சியில் சேர முடியும். வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் உங்கள் கை ஒரு கைதான். விதி கட்சிக்குக் கட்சி மாறும், கேட்டுப் பாருங்கள். 2022-இல் வாக்குரிமை இருந்தவர்களில் 44 சதவீதம் பேர்தான் போனார்கள். எனக்கு அது நெஞ்சில் குத்துகிறது. ஊரில் கேட்டும் கிடைக்காத தேர்தல், இங்கே வாசலில் வந்து நிற்கிறது.

சரி, அந்த 300 டொலர். மேல் வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்தால் மாகாண வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, தனி என்றால் பொருந்தும். குடியேறி 12 மாதம் ஆகாமல் வாடகையைக் கூட்டவே முடியாது, புது வீடானாலும் பழைய வீடானாலும். கூட்டுவதற்கு 90 நாள் முன்னதாக எழுத்தில், அதற்குரிய படிவத்தில் தர வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. நீங்கள் வந்தே ஏழு மாதம்தான். அந்தப் பேஸ்மென்ட்டில் 2018 நவம்பருக்கு முன் யாராவது குடியிருந்தார்களா என்று அயலவரிடம் மெதுவாக விசாரியுங்கள், இருந்திருந்தால் 12 மாதத்துக்குப் பிறகும் அந்த வருடத்து வரம்புக்கு மேல் கேட்க முடியாது. இப்போதைக்குப் பழைய தொகையையே கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.