அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையால் தொடை வலி, நிறுத்திவிடலாமா?

தம்பி, அம்மாவுக்கு 60 வயது, கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் இரண்டு தொடையிலும் வலி, சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 58, தோட்டத்தில் 20 வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டினவள். இதே வலி எனக்கும் வந்தது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதே சமயம் அம்மா வலிக்கிறது என்றால் "வயசாச்சு" என்று தள்ளிவிடவும் வேண்டாம். அவர் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பை ஏன் என்று சொல்கிறேன்.

ரத்த அழுத்தத்துக்காக அரசாங்க கிளினிக்கில் பல வருடமாக அம்லோடிபின் வாங்கி வருகிறேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரும் பார்ப்பார், மருந்தும் கிடைக்கும். ஒருமுறை டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 4.5 mmol/L என்று வந்தது. அங்கே சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை 40 மில்லிகிராம் கொடுத்து, ராத்திரியில் சாப்பிடச் சொன்னார்கள். வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வலி வந்தது. மரம் வெட்டின காலத்து உடம்பு வலி எனக்கு நன்றாகத் தெரியும். வலது தோள், மணிக்கட்டு, வாளி தூக்கின பக்கத்து இடுப்பு என்று ஒரு பக்கமாக இருக்கும், தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். இது அப்படியில்லை. இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல. மீன் கழுவப் பலகையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. அம்மாவிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்: இரண்டு பக்கமுமா, நாற்காலியிலிருந்து எழும்போதும் படி ஏறும்போதும் கால் வலுவிழக்கிறதா, மாத்திரை ஆரம்பித்து எத்தனை நாளில் வந்தது என்று. தேதியோடு எழுதி வைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

தைலம் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையை விடச் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் 10 நாள் விட்டேன், வலி குறைந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனவர். அந்த மாத்திரை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பயத்தில் மறுபடி எடுத்தேன், ஒரு வாரத்தில் வலியும் திரும்பிவிட்டது. அப்புறம்தான் அரசாங்க கிளினிக் மருந்து கவுண்டரில் வாய் திறந்தேன்.

அங்கே மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண், "மாக்சிக் (அம்மா), வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் கொண்டு வாங்க" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொட்டினேன். அம்லோடிபின் அட்டையையும் சிம்வாஸ்டாட்டின் அட்டையையும் தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிம்வாஸ்டாட்டினைக் கரைத்து வெளியேற்றுவது ஈரல். அம்லோடிபின் அந்த வேலையைத் தாமதப்படுத்துவதால் ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் தேங்குகிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம். நான் எடுத்தது 40. உங்கள் அம்மாவுக்கும் பிரஷர் மருந்து இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் வயதில் அம்லோடிபின் சாப்பிடாத வீடு குறைவு, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

டாக்டர் இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஒன்று சிகே, தசை சேதப்பட்டால் ரத்தத்தில் ஏறுவது. எனக்குக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. இன்னொன்று தைராய்டு. அது குறைவாகச் சுரந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். பழி மாத்திரை மேல் விழும். பெண்களுக்கு இது அதிகம், இந்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டாக்டர் நான்கு வாரம் நிறுத்தி, வலி போன பிறகு அதே வகையில் வேறொரு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்து, பிறகு 20 ஆக்கினார். இப்போது எல்டிஎல் 2.5. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் குறைந்த அளவில், அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், அல்லது எஸெடிமைப் என்ற வேறு வகை கொலஸ்ட்ரால் மாத்திரை என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

புது மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் நான் என் காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். லேசாக இழுத்தாலும் பயம். லண்டனில் 2020-இல் முடிவு வெளியான சாம்சன் ஆய்வில், இந்த மாத்திரை ஒத்துவராமல் முன்பே விட்டுவிட்ட 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, அவர்களுக்கு நிஜமாகவே வலித்தது. எதிர்பார்ப்பும் பயமும் அவ்வளவு வேலை செய்யும். ஆனால் இந்த ஆய்வைக் காட்டி யாராவது அம்மாவின் வாயை அடைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மருந்தும் அளவும்தான் காரணமாக இருந்தது.

சீன மருந்துக்கடையில் கொலஸ்ட்ராலுக்கு விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை "இயற்கை" என்று நம்பி இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது லோவாஸ்டாட்டின் என்ற இதே வகை மருந்துதான். காய்ச்சல் இருமலுக்குப் போனால் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களா என்று பாருங்கள், சிம்வாஸ்டாட்டினோடு ஆகவே ஆகாது. தம்பூன் லிமாவ் பாலியும் (பம்ப்ளிமாஸ் பழம்) ஈரலை அதே மாதிரி தடுக்கக்கூடியது. சிம்வாஸ்டாட்டின் எடுத்தவரை நான் தொடவில்லை. வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம், காலையில் மெதுவான நடை, இவை எனக்கு உதவின. பிரஷர் உள்ளவர் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது நல்லதில்லை.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனாலோ, கை கால் தூக்க முடியாத அளவு பலவீனம் வந்தாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அது மிக அபூர்வம், ஆனால் வந்தால் மணிக்கணக்கு முக்கியம்.

அது இல்லையென்றால் இன்று ராத்திரி அம்மாவின் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயர், மில்லிகிராம் எழுதுங்கள். நாளைக்கே அந்தத் தாளோடும் பையோடும் கிளினிக்குக்குப் போங்கள்.