கேம் எஞ்சின் கேள்வி–பதில்: ஒரே வளவு, இரண்டு வெளிச்சம்

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் ஐயா வீட்டை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்தேன். அன்ரியல் கேம் எஞ்சினில் போட்டால் நிஜ வீடு மாதிரியே இருக்கிறது. இன்னொரு எஞ்சினான யூனிட்டியில் அதே மாடல் சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. எஞ்சின்தான் காரணமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: எஞ்சின் உங்களைக் கேட்காமலே எதையெல்லாம் போட்டுத் தருகிறது என்பதுதான் காரணம். 2022-இல் வந்த அன்ரியல் 5-இல் புது புராஜெக்ட் திறந்ததுமே லூமென் என்ற வெளிச்சக் கணக்கு முறை ஓட ஆரம்பித்துவிடும். முற்றத்தில் விழும் வெயில் தரையில் பட்டு, தூணில் ஏறி, கூரை வரைக்கும் தெறிப்பதை அது கேம் ஓடும்போதே கணக்கிடும். நம் வீடுகளில் உள்கட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தெறித்த வெளிச்சம்தான். யூனிட்டியில் அதை நீங்களே பேக் செய்ய வேண்டும், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைக்க வேண்டும்.

தூண், சுவர், தரை எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் (நகராதவை) ஆக்குங்கள். மாடல் இம்போர்ட்டில் 'ஜெனரேட் லைட்மேப் யூவி'யை டிக் செய்யுங்கள்; சேமித்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் தனி இடம் ஒதுக்குவது அதுதான். அதை விட்டுவிட்டால் ஒரு பக்கத்து நிழல் மறுபக்கத்தில் கறையாக ஒட்டும். சூரிய விளக்கு மிக்ஸ்ட், மேக்ஸ் பவுன்சஸ் (வெளிச்சம் எத்தனை முறை தெறிக்கலாம்) 4, பிறகு ஜெனரேட் லைட்டிங். 2 பவுன்சில் விட்டால் முற்றத்து ஓரம் மட்டும் வெளிச்சமாகும், இரண்டாம் கட்டு இருண்டே கிடக்கும்.

வெளிறல் வேறு கோளாறு. பிளேயர் செட்டிங்ஸில் கலர் ஸ்பேஸ் லீனியரில் இருக்கிறதா பாருங்கள். குளோபல் வால்யூமில் டோன்மேப்பிங் (வெளிச்ச அளவைத் திரைக்கு ஏற்ப மாற்றுவது) சேர்த்து, அதன் வகைகளில் ஏசிஇஎஸ் வையுங்கள். அன்ரியல் இந்த வேலையையும் தானே செய்துவிடுவதால்தான் முதல் பார்வையிலேயே ஜெயிக்கிறது.

அன்ரியலிலும் வீடு முழுவதையும் ஒரே மெஷ்ஷாக (ஒரே வடிவமாக) ஏற்றாதீர்கள். லூமெனுக்குச் சுவர், தரை, கூரை தனித்தனியாக வேண்டும். சுவர் கனம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. முட்டை வெள்ளைக்கரு பூசிய நம் சுவர்களை வெறும் தாளாக வரைந்தால் மூலைகளில் வெயில் கசியும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரை கிட்டத்தில் அழகாக இருக்கிறது. நடந்தால் தூரத்துப் பூக்கள் எல்லாம் கொதிக்கிற மாதிரி மினுங்குகின்றன. குனிந்து பார்த்தால் தூணின் பிரதிபலிப்பும் காணாமல் போகிறது.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: மினுங்கலுக்குக் காரணம் மிப்மேப், அதாவது தூரத்துக்கு ஏற்பச் சிறிதாக்கிய படப் பிரதிகள், இல்லாதது. யூனிட்டியின் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) செட்டிங்கில் 'ஜெனரேட் மிப்மேப்ஸ்' போடுங்கள். அதை மட்டும் போட்டால் தூரத்துத் தரை குழம்பும். சாய்வாகப் பார்க்கும் பரப்பு என்பதால் சாய்ந்த பரப்பைத் தெளிவாக்கும் அனிசோ லெவலை 8 ஆக்குங்கள்.

பிரதிபலிப்பு மறைவது ஸ்கிரீன் ஸ்பேஸ் முறையின் இயல்பு. திரையில் தெரிவதை மட்டுமே அது பிரதிபலிக்கும். குனிந்ததும் தூணின் மேல்பாகம் திரையை விட்டுப் போய்விடுகிறது. வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டின்) நடுவில், சுற்றுப்புறத்தைப் படமெடுத்து வைக்கும் ரிஃப்ளெக்ஷன் புரோப் ஒன்று வைத்து, பாக்ஸ் புரொஜெக்ஷனை ஆன் செய்து, பெட்டியைச் சுவர்வரை இழுத்துவிடுங்கள். திரையில் இல்லாததை அது ஈடுகட்டும்.

பளபளப்பு வேண்டி மெட்டாலிக்கை (உலோகத் தன்மையை) கூட்டாதீர்கள். பூவின் சிவப்பும் பச்சையும் உலோகச் சாயலாகிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் கலவை ஊற்றி வார்த்த சிமென்ட் கல் அது. மெட்டாலிக் 0, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.25, யூனிட்டியில் என்றால் ஸ்மூத்னஸ் 0.75 அளவில் தொடங்கிப் பாருங்கள். கையால் செய்த கல்லில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நிறம் இம்மி மாறிய நாலு கற்களைக் கலந்து பதித்தால்தான் தரைக்கு உயிர் வரும்.

கேள்வி: இதே வீட்டை போனில் ஓட்ட முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முடியும், லூமெனை மறந்துவிட்டு எல்லா வெளிச்சத்தையும் பேக் செய்தால். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட, ஒரு ஃபிரேமில் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட்தான். 4096 அளவு டெக்ஸ்சர் ஒன்று சுருக்காமல் 64 எம்.பி. பிடிக்கும், போன்களுக்கான ஏஎஸ்டிசி 6×6 சுருக்க முறையில் சுமார் 7 எம்.பி. தரை முழுவதற்கும் ஒரே பெரிய படம் வேண்டாம். ஒரு கல்லுக்கு 512 போதும், அதையே திரும்பத் திரும்பப் பதியுங்கள்.