நைல் கப்பல்ல எட்ஃபு, கோம் ஓம்போ: நீங்க கேட்டதுக்கு பதில்

எகிப்து டூர் கூட்டிட்டுப் போறவன்ங்கிறதால, நைல் ஆத்துல கப்பல்ல போயி எட்ஃபு, கோம் ஓம்போ ஊர் பழைய கோயிலுங்கள பாக்குறத பத்தி கடலூர், பாண்டி ஆளுங்க எல்லாரும் என்கிட்டயே கேக்குறீங்க. மொத்தமா இங்கயே சொல்லிடுறேன்.

அண்ணே, எங்க ஏறி எங்க இறங்கணும்? (முதுநகர்)
லக்சர்ல ஏறுனா அஸ்வான்ல இறக்கம், பெரும்பாலும் 4 ராத்திரி. அஸ்வான்ல ஏறி லக்சருக்கு வந்தா 3. நடுவுல எஸ்னா தடுப்பணைல கப்பலுங்க வரிசைல நிக்கும், அப்ப சின்னப் படகுல வியாபாரிங்க வந்து துணிய கவர்ல சுத்தி மேல்தளத்துக்கே வீசுவானுங்க, புடிச்சிருந்தா காச அதே கவர்ல போட்டு கீழ வீசணும். பேரம் பேசாம வாங்கிடாதீங்க.

ஒரே நாள்ல ரெண்டு கோயில்னு போட்டிருக்கு, அவசரமா இருக்காதா தம்பி? (திருப்பாதிரிப்புலியூர்)
காலைல எட்ஃபு, சாயந்தரம் கோம் ஓம்போ, நடுவுல கப்பல் ஓடும்போது சாப்ட்டு தூங்கலாம்க்கா. அவசரம்னா எட்ஃபுல தான், எல்லா கப்பலும் ஒரே நேரத்துக்கு வந்து கட்டும், அதனால கருக்கல்லயே கெளம்பி குதிர வண்டி புடிச்சு போயிடுங்க. பருந்துத் தலை ஹோரஸ் சாமி கோயில் அது, கிமு 237ல ஆரம்பிச்சு கிமு 57ல தான் முழுசா முடிச்சாங்க. ரொம்ப காலம் மணல்ல புதைஞ்சு கிடந்ததால கூரையோட அப்படியே நிக்குது, 1860கள்ல மரியட்ங்கிற பிரெஞ்சுக்காரர் தான் மணல அள்ள வச்சார். பெரிய வாசலையே போட்டோ எடுத்துட்டு நிக்காதீங்க, நேரா உள்ள போங்க. போகப் போக தரை ஏறும், கூரை இறங்கும், வெளிச்சம் கொறையும். கடைசில ஒரே கல்லுல குடைஞ்ச மாடம், அதுக்கு முன்னாடி ஒரு மரப் படகு (இப்ப இருக்கிறது நகல்). சாமிய படகுல வச்சு தான் வெளிய தூக்கிட்டு வருவாங்க, அதோட வருஷத்துக்கு ஒருதடவ டெண்டெராங்கிற ஊர் கோயில்லேந்து ஹாத்தோர் அம்மன ஆத்து வழியா கூட்டிட்டு வந்து ஹோரஸ் வீட்ல ரெண்டு வாரம் கிட்ட தங்க வைப்பாங்க. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பத்துல சாமிங்க வந்து இறங்குறத பாத்து வளந்தவங்களுக்கு இத கைடு விளக்கவே வேணாம்.

ஆத்துல முதல வருமா? பசங்க பயப்படுறாங்க. (நெல்லிக்குப்பம்)
வராது. அஸ்வான் உயர் அணைக்கு மேல நாசர் ஏரில தான் இருக்கு. பதப்படுத்துன முதலைங்கள கோம் ஓம்போ மியூசியத்துல வரிசையா வச்சிருக்காங்க, பசங்களுக்கு அது தான் புடிக்கும். கோயிலே ரெண்டு சாமிக்கு, ஒரு பாதி முதலத் தலை சோபெக், மறு பாதி மூத்த ஹோரஸ், கருவறையும் ரெண்டு. எனக்கு அங்க புடிச்சது கிணறு தான். அதுல நைல் வெள்ளம் எவ்வளவு ஏறுதுன்னு அளந்து பாத்து அந்த வருஷ வரிய முடிவு பண்ணியிருக்காங்க. நம்ம பெண்ணையாறு பொங்குனா நிவாரணம் கேப்போம், அங்க வெள்ளம் கம்மியானா தான் பஞ்சம். 1970ல அணை முடிஞ்சப்புறம் அந்த வருஷாந்திர வெள்ளமே கிடையாது.

அம்மாக்கு முட்டி வலி, முடியுமா? (லாஸ்பேட்டை)
கோயில விட கரை தான் கஷ்டம். நாலஞ்சு கப்பல ஒட்டி ஒட்டி கட்டிடுவான், அடுத்த கப்பல் லாபி வழியா பூந்து பூந்து தான் வெளிய வரணும், பலகையும் ஆடும். கீழ்தள ரூம் வேணாம்.

அரிக்கமேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டாமே? (அரியாங்குப்பம்)
உண்டு. அரிக்கமேடு அந்தக் காலத்துல ரோமானியரோட கடல் வியாபாரம் நடந்த நம்ம பக்கத்து துறைமுகம். எகிப்தோட செங்கடல் துறைமுகம் பெரெனிகேல பெரிய ஜாடி நெறைய நம்ம பக்கத்து மிளகு, அதே கடல் கரைல இன்னொரு பழைய துறைமுகம் குசேர் அல் காதிம்ல தமிழ் பிராமி எழுதுன பானை ஓடெல்லாம் கிடைச்சிருக்கு. சரக்க அங்க இறக்கி ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி நைல் கரைக்கு கொண்டு வந்து, படகுல அலெக்சாண்ட்ரியா அனுப்புவாங்க. நீங்க போற அதே ஆறு தான்.

சைவம் கிடைக்குமா?
ஃபலாஃபெல், மொச்ச மாதிரி ஃபூல், ரொட்டி, சாதம்னு தாராளமா. ஊறுகா மட்டும் எடுத்துக்கோங்க.

எந்த மாசம்?
அக்டோபர்லேந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும். மே, ஜூன்ல நம்ம அக்னி நட்சத்திரமே தேவலாம்னு ஆயிடும்.

மாமனார் பிரான்ஸ் பென்ஷன்காரர், இங்கிலீஷ் கைடு சொன்னா புரியாது. (முத்தியால்பேட்டை)
பிரெஞ்சு பேசுற கைடுங்க நெறைய பேர் உண்டு, ஆனா கப்பல் ஏறுனப்புறம் கேட்டா கிடைக்காது, புக் பண்றப்பவே எழுதி வாங்கிடுங்க. பிரெஞ்சு குரூப்போட சேத்து விட்டுட்டா போதும், நீங்களும் நிம்மதியா சுத்தலாம்.