வேலையும் படிப்பும் இல்லாத இளைஞர்கள் யார்?

கேள்வி: படிப்பும் இல்லை, வேலையும் இல்லை, ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதும் இல்லை. கைப்பேசியும் கையுமாகப் பொழுதைக் கழிக்கும் இன்றைய இளைஞர்களின் நிலைக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் உண்டா?
– ஒரு வாசகர், நாமக்கல்.

பதில்: உண்டு. தாங்கள் மனத்தில் வைத்துக் கேட்பது தேநீர்க் கடை வாசலில் நிற்கும் ஆண்பிள்ளையை. ஆனால் இந்தக் கணக்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் படிப்பு, வேலை, பயிற்சி ஆகிய மூன்றிலும் இல்லாத இளையோர் ஆண்களில் 9.8 சதவீதம், பெண்களில் 48.4 சதவீதம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்து, கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அந்தக் கணக்கில் 'வேலையில் இல்லாதவர்'தான். அவரைச் சோம்பேறி என்று சொல்லத் தங்களுக்கு மனம் வராது என நம்புகிறேன்.

தமிழ்நாட்டுப் பெண்கள் படிக்காமல் இல்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் நம் மாநிலத்தின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 மட்டுமே. சிக்கல் பட்டம் வாங்கிய பிறகு தொடங்குகிறது. வரன் பார்க்கிறார்கள், 'கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் விட்டால் வேலைக்குப் போகட்டும்' என்கிறார்கள், அதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. அதன்பின் வேலை தேடினால், ஊருக்கு அருகில் கிடைக்கும் தனியார் பள்ளிச் சம்பளம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவே போதாது.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே அறிக்கை, இளையோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வேலையின்மை 3.4 சதவீதம் என்றும், பட்டதாரிகளின் வேலையின்மை 29.1 சதவீதம் என்றும் கூறுகிறது. படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது; கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டுப் பிள்ளையோ படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார், காத்திருக்கும்படி வீட்டாரும் சொல்கிறார்கள். 2022-இல் குரூப் 4 தேர்வுக்குத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்கள் கையில் கைப்பேசி இருப்பது உண்மைதான். அவர்களைக் காத்திருக்க வைத்தது அதுவன்று.

ஆகவே இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வதால் இது தீராது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. நம் ஊர்ப் பெண்களுக்கு வேலை தரும் கடைகளும் சிறு பட்டறைகளும் சிறிய பள்ளிகளும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. எனவே அரசு அந்த வரம்பைக் குறைக்க வேண்டும். அங்கன்வாடிகளையாவது தாய்மார்களின் வேலை நேரம் முடியும் வரை திறந்து வைத்து, அதற்குத் தனியாக ஊழியர்களை அமர்த்தி, அவர்களுக்கு முழுச் சம்பளமும் தர வேண்டும்.