துறைமுகத்தை ஒட்டிய ரசாயனக் கிடங்குகளின் பாதுகாப்பை ஊர் மக்களால் கண்காணிக்க முடியுமா?

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையின் ஓரத்தில் வீடு வாங்கியிருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். மொட்டைமாடியில் நின்றால் வரிசையாகத் தொட்டிகள் தெரிகின்றன, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, வேதியியல் படிக்காத நாங்கள் இதையெல்லாம் கேட்க உரிமை உண்டா, இல்லை வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கமே போய்விடலாமா என்பது அவர் கேட்டிருப்பதன் சுருக்கம்.

உரிமை உண்டு. கேட்பதற்கென்றே சட்டம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதில் உட்கார ஆள் இல்லாமல் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் வரும் திரவச் சரக்குகளைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனத்தில் டேங்க் ஆபரேட்டராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குழாய் வழியே வரும் சரக்கைத் தொட்டியில் ஏற்றுவதும், தொட்டியில் சரக்கு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று டிப் எடுத்துப் பதிவேட்டில் எழுதுவதும், டேங்கர் லாரிகளுக்கு நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும், முத்தையாபுரம் பக்கத்தில் இருக்கும் உறவினர்களுக்காக இதே விஷயத்தைப் பற்றி மனு எழுதியிருக்கிறேன். ஆகவே மதில் சுவரின் இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1984 டிசம்பரில் போபாலில் நடந்ததற்குப் பிறகு வந்த விதிகளில் இரண்டை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள் முதலாவது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரக்கு வைத்திருப்பவர், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்கள் வளாகத்துக்கு வெளியே இருந்தாலும், அபாயம் எத்தகையது, அப்போது செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பதை அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அதன் 15ஆவது விதி சொல்கிறது. கேட்டால் சொல்லலாம் என்று அதில் இல்லை. கேட்காமலே சொல்ல வேண்டும். இரண்டாவது, ரசாயன விபத்துகளுக்கான 1996ஆம் ஆண்டு விதிகள். மத்தியிலிருந்து உள்ளூர் வரை நான்கு அடுக்குகளில் நெருக்கடிக் குழுக்களை அவை அமைக்கச் சொல்கின்றன. மாவட்டக் குழு 45 நாட்களுக்கு ஒரு முறையும், உள்ளூர்க் குழு மாதம் ஒரு முறையும் கூட வேண்டும். நான் சொன்ன நாற்காலி இந்த உள்ளூர்க் குழுவில்தான் இருக்கிறது. கோட்ட அளவிலான அதிகாரி தலைமையில், தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அதிகாரி, கிடங்குகளின் பிரதிநிதிகள், ரசாயனம் ஏற்றிச் செல்லும் லாரிக்காரர்கள் ஆகியோருடன், ஊர்த் தலைவர் ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், இரண்டு மருத்துவர்கள், இரண்டு சமூக சேவகர்கள், தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் என்று வெளியாட்களுக்கும் அதில் இடம் உண்டு. பொதுமக்கள் கேட்பவற்றுக்குப் பதில் சொல்வதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது முழு அளவிலான ஒத்திகை நடத்துவதும் அந்தக் குழுவின் வேலைகள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் உறவினர்கள் சார்பில் முதல் மனு கொடுத்தபோது, அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று வாங்கிக்கொண்ட அலுவலர் எங்களிடமே கேட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. துறைமுகம் என்றாலே அதிகாரம் பல கைகளில் பிரிந்து கிடக்கும். துறைமுக எல்லைக்குள் இருக்கும் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் கப்பல்துறைப் பாதுகாப்பு ஆய்வாளர் பொறுப்பு. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை. பெட்ரோலியப் பொருளுக்கு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை. கழிவுநீருக்கும் காற்றுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏலம் போகாமல் கிடக்கும் சரக்குக்குச் சுங்கத் துறை. கசியும் வாயு இந்த எல்லைகளைப் பார்த்து நிற்கப்போவதில்லை. எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் இடம் அந்தக் குழுதான் என்பதால், தனித்தனியாகப் பத்து அலுவலகங்களுக்கு எழுதுவதைவிடக் குழுவைக் கூட்டச் சொல்லி எழுதுவதே மேல்.

கூட்டத்தில் என்ன கேட்பது என்பதுதான் அடுத்த தயக்கம். வேதியியல் வேண்டாம். ஒரு வால்வைச் சொல்கிறேன். ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் இடுப்பளவிலோ ஆளுயரத்திலோ ஒரு சுவர் இருக்கும். நாங்கள் டைக் சுவர் என்போம். தொட்டி உடைந்தாலும் சரக்கு வெளியே ஓடாமல் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கும் அல்லவா, அதை வெளியேற்றச் சுவரின் அடியில் ஒரு வடிகால் வால்வு வைத்திருப்பார்கள். மழைக்குப் பிறகு திறந்து தண்ணீரை விட்டுவிட்டு, அதை மூடி, பூட்டுப் போட்டு, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரு கார்த்திகை மாதம் இரவு ஷிப்டில் நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது, எங்கள் தொட்டி ஒன்றின் வடிகால் வால்வு முழுதாகத் திறந்து கிடந்தது. பூட்டு பக்கத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் மூன்று நாட்களுக்கு முன்பே ‘மூடப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அந்த மூன்று நாளும் அத்தனை உயரச் சுவரும் வெறும் அலங்காரமாகத்தான் நின்றிருக்கிறது. நல்ல வேளையாக எதுவும் நடக்கவில்லை. மழைக்குப் பிறகு வடிகால் வால்வுப் பதிவேட்டைக் காட்டுங்கள், பூட்டைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை. இப்படிக் கேட்பவர் மாதம் ஒருவர் வருவார் என்று தெரிந்திருந்தால், அந்தப் பூட்டு கம்பியில் தொங்கியிருக்காது.

மழை என்றதும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே போக்குவரத்து அறுந்தது. மின்சாரமும் செல்பேசியும் பல இடங்களில் இல்லை. அவசரகாலத் திட்டத்தில் காட்டியிருக்கும் வெளியேறும் வழி வெள்ளத்தில் மூழ்கினால் மாற்று வழி எது, மின்சாரம் இல்லாமல் அபாயச் சங்கு ஊதுமா என்ற இரண்டையும் அதற்குப் பிறகு நடக்கும் எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சங்கைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதே ஓர் உப்பள அம்மாளால்தான். ஒத்திகை நடந்த ஒரு நாள், வளாகத்துக்குள் நாங்கள் எல்லோரும் தலைக்கவசத்துடன் குறித்த இடத்தில் கூடித் தலை எண்ணிக் கொடுத்து, நேரத்தைக் குறித்து, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். அன்று மாலை வெளியே வந்தபோது, மதிலை ஒட்டிய அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தினார். “அண்ணாச்சி, காலையில சங்கு நெடுநேரம் ஊதுச்சே, அது ஷிப்டுக்கா, ஆபத்துக்கா? ஆபத்துன்னா நாங்க எந்தப் பக்கமா ஓடணும்? ஒருத்தரும் சொல்லலியே.” என்னிடம் பதில் இல்லை. திட்டத்தின் பட்டியலில் தெருக்களும் வீடுகளும் பள்ளிக்கூடமும் இருந்தன. விடிவதற்கு முன்பே வந்து வெட்டவெளியில், தொட்டிக்கு மிக அருகில், மறைய ஒரு சுவர்கூட இல்லாத பாத்தியில் நிற்பவர்கள் அதில் இல்லை, ஏனென்றால் அவர்கள் வீடு அங்கே இல்லை. ஊர்க் கண்காணிப்பு என்று சொல்லும்போது ஊரில் குடியிருப்பவர்களை மட்டும் நினைக்காதீர்கள். உப்பளத்திலிருந்து ஒருவரும் கடற்கரையிலிருந்து ஒருவரும் குழுவுக்குள் வர வேண்டும்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்கு அந்த அம்மாளுக்குப் பிறகு ஒரு நாள் பதில் சொன்னேன்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்கே. வாயுவுக்கு முன்னால் ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும். அம்மோனியாவைப் பூச்சியத்துக்குக் கீழே 33 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக வைத்திருப்பார்கள்; தனியே பார்த்தால் அது காற்றைவிட இலேசான வாயுதான், ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசியும்போது வெள்ளைப் பனிமூட்டம் போலத் தரையை ஒட்டியே பரவும். தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது உதவும். குளோரின் எப்போதுமே காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும், ஆகவே மேட்டுக்குப் போக வேண்டும். காற்றின் திசையை அறிய வளாகத்துக்குள் காற்றுப் பை ஒன்று பறக்கும். அது கிழிந்து கம்பத்தில் சுற்றிக் கிடந்த மாதங்களும் உண்டு. கச்சான் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும் என்பதை எங்கள் கடற்கரைக்காரர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆடியில் ஒரு வெளியேறும் வழியும் மார்கழியில் இன்னொன்றும் வேண்டும் என்பதை அவர்களில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் குழுவுக்கு விளக்கிவிடுவார்.

அடுத்து, எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைப் பற்றிய தகவல். இதைக் கேட்டால் வணிக ரகசியம் என்பார்கள், அல்லது விஷமிகள் கையில் கிடைத்துவிடும் என்பார்கள். இரண்டாவது காரணத்தை நான் முழுதாக ஒதுக்க மாட்டேன். எந்தத் தொட்டிக்கு எந்தக் குழாய் என்ற வரைபடம் ஊருக்குத் தேவையில்லை. ஆனால் பொருளின் பெயரும் உச்ச அளவும் தேவை. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் ஒரே கிடங்கில் கிடந்தது அதிகாரிகளுக்குத் தெரியும்; அவர்களுக்குள்ளேயே கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் சென்னை மணலியில் 2015 முதல் முடங்கிக் கிடந்த எழுநூறு டன் அளவிலான அதே பொருள் நம் கண்ணில் பட்டு, ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 2015இல் ரசாயனக் கிடங்கு வெடித்தபோது இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீயணைப்பு வீரர்கள். ரகசியம் காப்பாற்றுவது யாரை என்று இதற்குப் பிறகும் கேட்க வேண்டியதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. தனியார் கிடங்காக இருந்தாலும், வேறொரு சட்டத்தின்கீழ் அரசுத் துறை பெறக்கூடிய ஆவணம் எதுவோ அதை அந்தத் துறையிடம் நீங்கள் கேட்கலாம். 1989 விதிகளின்படி கிடங்கு நடத்துபவர் தன் சரக்கை அரசுக்கு அறிவித்திருக்க வேண்டும், வளாகத்துக்குள்ளான அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கொரு முறை அதை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். குளோரின் தனிக் கிடங்கில் 10 டன்னைத் தொட்டாலே சில கடமைகள் தொடங்கிவிடும்; 25 டன் என்றால் கடமைகள் இன்னும் கூடும். ‘பாதுகாப்பாக உள்ளதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒரு வரி வரும். கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது, அதில் கண்ட குறைகள் எவை, எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டன, உள்ளூர்க் குழு கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை முறை கூடியது, அதன் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் என்று கேட்டால் மழுப்ப முடியாது.

மூடிய ஆலையையும் விட்டுவிடாதீர்கள். 2018 மே மாதம் மூடப்பட்ட தாமிர உருக்காலையில், அடுத்த மாதமே கந்தக அமிலத் தொட்டியில் கசிவு கண்டு, அமிலத்தை லாரிகளில் ஏற்றி வெளியேற்ற வேண்டி வந்தது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரீன் வெளியேறியதும் ஊரடங்கில் நின்றிருந்த ஓர் ஆலையிலிருந்துதான். ஆலை ஓடவில்லை என்பதால் தொட்டி காலி என்று ஆகாது. சொல்லப்போனால் பார்க்கும் ஆள் குறைந்திருப்பார்கள்.

திருநெல்வேலிக்குப் போய்விட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. நான் நிரப்பிக் கொடுத்த லாரிகளில் பல வல்லநாட்டுப் பாலத்தைத் தாண்டித்தான் போயின. கீழே ஓடுவது தாமிரபரணி. தூத்துக்குடி குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. டேங்கரின் பின்பக்கத்தில் இருக்கும் அபாயத் தகவல் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1005 என்றால் அம்மோனியா, 1830 என்றால் கந்தக அமிலம், 1017 என்றால் குளோரின். சாலையோரத் தேநீர்க் கடைக்காரர்களுக்கு இந்த மூன்று எண்களைச் சொல்லிக் கொடுத்தாலே, லாரி கவிழ்ந்த அன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் முதல் அழைப்பில் பயனுள்ள ஒரு செய்தி இருக்கும்.

வீட்டை விற்பதா என்று கேட்டீர்கள். உள்ளூர்க் குழுவைக் கூட்டச் சொல்லிச் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனுவும், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் இந்த வாரமே அனுப்புங்கள். விண்ணப்பத்துக்கு 30 நாட்களில் பதில் தர வேண்டும். உங்கள் மாடியிலிருந்து தெரியும் தொட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது கையில் வந்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்.