“பாவங்களைக் கடவுளிடம் நேரடியாகச் சொன்னால் போதாதா?” என்று கேட்கும் உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு

உறுதிபூசுதல் (கத்தோலிக்கத் திருச்சபையில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெறத் தயாராகும் பிள்ளைகள், பாவங்களைக் குருவானவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள், மனப்பாடப் பதில் எடுபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். “கடவுளிடம் சொல்வதும் நல்லதுதான்” என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அது தவறு என்று சொன்னால் அந்த நொடியே பிள்ளைகள் காதை மூடிக்கொள்வார்கள். கத்தோலிக்க வழிபாடான திருப்பலியின் தொடக்கத்தில் நாம் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்? பிறகு யோவான் 20:22-23ஐ வாசிக்கச் சொல்லுங்கள். உயிர்த்த இயேசு பாவம் மன்னிக்கும் பணியைச் சீடர்களிடம் ஒப்படைக்கிறார். சாவான பாவங்களை, அதாவது கடவுளோடுள்ள உறவை முறிக்கும் பெரும் பாவங்களை, ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவானவரிடம் அறிக்கையிட வேண்டும் என்று திருச்சபை கேட்பது இதனால்தான்.

ஆனால் மனப்பாடப் பதில் எடுபடவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் கோட்பாடு அல்ல, வெட்கம். பதினான்கு வயதில், “சாமியார் என் குரலைக் கண்டுபிடித்துவிடுவாரோ, அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ” என்ற பயம் மிகவும் உண்மையானது.

அடுத்த வகுப்பில் சிறு துண்டுத்தாள்களைக் கொடுத்து, “பாவசங்கீர்த்தனத்துக்குப் போக உங்களைத் தடுப்பது எது?” என்று பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு தாளில் “என்ன சொல்லி ஆரம்பிப்பது?” என்று மட்டும் இருந்தது. அன்று பாடத்தை ஒதுக்கிவிட்டு, முழங்காலிடுவது முதல், பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் வரை நடத்திக் காட்டினோம். பயம் என்று எழுதியிருந்தால் திருச்சபைச் சட்டம் 983ஐச் சொல்லுங்கள்: கேட்டதைக் குருவானவர் யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது.

பாவங்களை எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இரகசியக் காப்பு மறைக்கல்வி ஆசிரியரான உங்களுக்குப் பொருந்தாது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாக எழுதினால் மறைத்து வைக்காதீர்கள். அன்றே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் தெரிவியுங்கள்.