கூல், கோல்டு, சில் எல்லாமே குளிர்தான் என்றால் ஏன் ஒன்று பாராட்டாகவும் இன்னொன்று வசையாகவும் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையை நான் ஒரு மின்னஞ்சலில் கற்றுக்கொண்டேன். வேலையில் எனக்குப் பெரிதும் கைகொடுத்த மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. விடைபெறும்போது அவர் பேசியதைக் கேட்டு மனசு குளிர்ந்துபோய், அன்றிரவே 'யுவர் ஸ்பீச் லெஃப்ட் மை ஹார்ட் கோல்டு' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: "நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?"

ஆங்கிலத்தில் ஒரு விஷயம் ஒருவரை 'கோல்டாக விட்டது' என்றால், அது அவரைத் துளிகூடத் தொடவில்லை என்று பொருள். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

நம் மொழியில் கண் குளிரும், மனசு குளிரும், வயிறும் குளிரும். வெயிலில் வளர்ந்த மொழிக்குக் குளிர்ச்சிதான் சுகம். நீண்ட குளிர்காலத்தில் வளர்ந்த ஆங்கிலத்துக்கு இதமான சூடுதான் சுகம். அதனால்தான் அங்கே அன்பு 'வார்ம்' ஆகவும், அன்பு இல்லாத இடம் 'கோல்டு' ஆகவும் இருக்கிறது என்று நினைக்கிறேன். முகம் கொடுக்காமல் ஒதுக்கினால் அது 'கோல்டு ஷோல்டர்'. ஈவிரக்கம் இல்லாமல் செய்த கொலை 'கோல்டு பிளடட்'. நேரடியாகச் சண்டை போடாமல் பகையோடு இருக்கும் நாடுகளின் நிலையை 1945இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் 'கோல்டு வார்' என்றார். தமிழில் அதைப் பனிப்போர் என்கிறோம்.

'கூல்' வேறு வழியில் வந்த சொல். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே உணர்ச்சிவசப்படாத நிதானமான அறிவுக்கு 'கூல் ரீசன்' என்ற பேச்சு இருந்தது. இன்றைய பாராட்டுப் பொருள் பரவியது அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞர்கள் வழியாக, 1940களையொட்டி. சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் அதைப் பரப்பியவர் என்று பலரும் சொல்வார்கள். இனவெறி அன்றாடம் அவமதித்த ஒரு நாட்டில், எதற்கும் நிதானம் குலையாமல் நிற்பது எவ்வளவு பெரிய கம்பீரம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தச் சொல்மீது தனி மரியாதை வந்ததே அதனால்தான். அப்புறம் பொருள் விரிந்துகொண்டே போனது. 'தட்ஸ் கூல்' என்றால் அருமை. 'ஐ ஆம் கூல் வித் தட்' என்றால் எனக்குச் சம்மதம்.

ஆனால் இங்கே கவனம் வேண்டும். 'ஹி இஸ் கூல்' பாராட்டு. 'ஹி வாஸ் கூல் டுவர்ட்ஸ் மீ' என்றால் என்னிடம் ஒட்டாமல் பழகினார் என்று ஆகிவிடும். ஒரு திட்டத்துக்கு 'கூல் ரிசெப்ஷன்' கிடைத்தது என்றால் அதை யாரும் ஆர்வமாக வரவேற்கவில்லை. ஒருவரின் குணத்தைச் சொல்லும்போது நிதானம். இன்னொருவரிடம் காட்டும் நடத்தையைச் சொல்லும்போது விலகல்.

'சில்' இன்னும் வழுக்கும். 'ஐ ஆம் சில்லிங்' என்றால் ஹாயாக ஓய்வெடுக்கிறேன். 'தி ஸ்டோரி வாஸ் சில்லிங்' என்றால் கேட்கவே உடம்பு சில்லிட்டது, அவ்வளவு பயங்கரம். ஒரே வடிவம்தான், ஆளைப் பற்றிச் சொல்கிறோமா, கதை மாதிரி ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்கிறோமா என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வரிசையின் மறுமுனை 'ஹாட்'. அது காரத்தைக் குறிக்கும், திருட்டுப் பொருளைக் குறிக்கும். ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் உடல் கவர்ச்சி. அலுவலகத்தில் யாரையும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். பதறிப்போய் உடனே அவரைக் கூப்பிட்டு, தமிழில் மனசு குளிர்வது என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை நாங்கள் ஹார்ட்வார்மிங் என்போம்" என்றார். அன்று மாலையே, அந்தச் சொல்லைப் போட்டு அதே கடிதத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினேன்.